சிறு பிள்ளைகளுக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்குவதற்கு முன்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு நம் குடியிருப்பிலிருந்து சில குடும்பங்கள் ஊட்டிக்கு அருகே இரண்டு இரவு டென்ட்டில் தங்கப் போகிறார்கள். நான்கு வயது முதல் பத்து வயது வரை பதினோரு பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்லீப்பிங் பேக்கை மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது. பணம் மிச்சமாகும் எந்த யோசனைக்கும் நான் எதிரி இல்லை. 34 வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன். ஆனால் இந்த ஒரு பொருளை மட்டும் எல்லோருக்கும் ஒரே சைஸில் வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

முதலில் குளிர் எவ்வளவு என்று பார்ப்போம். ஆயிரம் மீட்டர் மேலே போனால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். சென்னையில் டிசம்பர் இரவு 21, 22 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஊட்டியில் ஏழு டிகிரி வருகிறது. இது காகிதக் கணக்குதான். மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்லின் மேல் உறைபனி படிவது அதனால்தான். அன்றைக்கு வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். இன்னொன்று, குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். அழகாக இருக்கிறதென்று தாழ்வான புல்வெளியில் டென்ட் போடாமல், கொஞ்சம் மேட்டில் போடச் சொல்லுங்கள். இதற்குக் காசு கிடையாது.

இப்போது பையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுக்கு வருகிறேன். நல்ல பைகளில் மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைக்காரர் பெரும்பாலும் நமக்குக் காட்டுவது இருப்பதிலேயே குறைந்த எண்ணைத்தான். 'மைனஸ் ஐந்து வரை தாங்கும் சார்' என்பார். அந்த எக்ஸ்ட்ரீம் எண்ணுக்கு அர்த்தம் வேறு. அந்தக் குளிரில் ஒருவர் ஆறு மணி நேரம் உயிர் போகாமல் தாக்குப்பிடிப்பார் என்பதுதான் அது. தூங்குவார் என்று யாரும் சொல்லவில்லை. நாம் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண்.

அந்தக் கம்ஃபர்ட் எண்ணும் யாருக்காகக் கணக்கிடப்பட்டது தெரியுமா? 25 வயது, 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை அளவுகோலாக வைத்து. 2002-இல் ஐரோப்பாவில் வந்த தரநிலையும், அதன் இடத்தில் 2016-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரநிலையும் இப்படித்தான் கணக்கிடுகின்றன. குழந்தைகளுக்கான பைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று அந்தத் தரநிலையிலேயே எழுதியிருக்கிறது. காரணமும் நியாயமானது. ஒரு குழந்தையைக் குளிர் அறையில் படுக்க வைத்து, எத்தனை டிகிரியில் நடுங்குகிறது என்று யார் சோதித்துப் பார்ப்பார்கள்? வங்கியில் கடன் படிவத்தின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு அது பழக்கமாகிவிட்டது. இந்தச் சீட்டுக்கும் அப்படி ஒரு பின்பக்கம் உண்டு.

ஆகவே சிறுவர் பையில் போட்டிருக்கும் எண், தயாரிப்பாளர் தன் அனுபவத்தில் சொல்லும் ஒரு மதிப்பீடு. பிள்ளையின் எடைக்கு உடம்பின் மேற்பரப்பு நம்மைவிட அதிகம், அதனால் சூடும் சீக்கிரம் போகும். அங்கே இரவு ஐந்து டிகிரி எதிர்பார்த்தால், சீட்டில் பூஜ்யம் அல்லது அதற்கும் கீழே கம்ஃபர்ட் என்று போட்ட பையாகப் பாருங்கள். கம்ஃபர்ட், எக்ஸ்ட்ரீம் என்று பிரிக்காமல் ஒரே ஒரு எண் மட்டும் போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள்.

அடுத்தது நீளம். எனக்கு இதுதான் முக்கியம், ஒரே சைஸ் வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். ஸ்லீப்பிங் பேக் சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே படுத்திருக்கும் உடம்புதான் பைக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்க வேண்டும். ஆறடிப் பையில் மூன்றரை அடிப் பிள்ளையைப் போட்டால், கால்மாட்டில் இருக்கிற காற்றையெல்லாம் அந்தச் சின்ன உடம்பு சூடாக்க வேண்டியிருக்கும். விடியற்காலையில் பாதம் சில்லென்று ஆகி எழுந்து அழும். பிள்ளையின் உயரத்துக்கு மேல் ஒரு சாண் இருந்தால் போதும். வளர்கிற பிள்ளைதானே என்று தீபாவளிச் சட்டை மாதிரி இரண்டு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள். கால்பக்கம் ஜிப் வைத்து நீட்டிக்கொள்ளும் பைகள் கிடைக்கின்றன. மூன்று நான்கு வருடம் வரும்.

தங்குமிடத்தில் வாடகைக்குத் தருவது அநேகமாகப் பெரியவர்கள் பைதான். அதையே எடுக்க நேர்ந்தால், பிள்ளையின் பாதத்துக்குக் கீழே மிஞ்சுவதை அடியில் மடித்துவிட்டு, உள்ளே மறுநாள் போடும் துணிகளைத் திணித்துவிடுங்கள். காலையில் அந்தச் சட்டையும் கதகதப்பாக இருக்கும்.

பைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு விரிப்பில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். உடம்பின் கீழே பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது. தரைக்குளிரைத் தடுப்பது விரிப்புதான். கோரைப்பாயும் பெட்ஷீட்டும் போதாது. ஃபோம் மேட் வேண்டும். சீட்டில் ஆர்-வேல்யூ என்று போட்டிருந்தால், அந்த எண் கூடக் கூட நல்லது. இரண்டு மேட்டை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டு எண்களும் கூடிவிடும். இந்த மேட்டை வேண்டுமானால் எல்லோருக்கும் ஒரே சைஸில் மொத்தமாக வாங்குங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உள்ளே அடைப்பது வாத்து இறகா, செயற்கைப் பஞ்சா என்று கேட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குச் செயற்கைப் பஞ்சு. இறகு லேசாக இருக்கும், ஆனால் நனைந்தால் சுருண்டுவிடும். நான்கு வயதுப் பிள்ளை இரவில் நனைக்காது என்று எந்த அம்மாவும் உறுதி தர மாட்டார். செயற்கைப் பஞ்சை அலசிக் காய வைத்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் இறுக்கச் சுருட்டிப் பரணில் போடாதீர்கள், பஞ்சு அமுங்கிப்போகும். தளர்வாகப் போட்டு வையுங்கள்.

கைக்குழந்தைகளுக்கு இது எதுவும் கிடையாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் முகத்தை மூடக்கூடிய எந்தப் பையும் போர்வையும் ஆபத்து. அந்த வயதில் பிள்ளை உள்ள குடும்பம் அறை எடுத்துத் தங்கட்டும். பெரிய பிள்ளைகளுக்கும் முகம் வெளியே இருக்க வேண்டும். தலைக்குக் குல்லா போதும். பைக்குள் மூச்சு விட்டால் உள்ளே ஈரம் கோத்துவிடும். குளிருகிறதா என்று பார்க்கக் கையைத் தொடாதீர்கள், பிடரியைத் தொடுங்கள். வியர்த்திருந்தால் ஒரு சட்டையைக் கழற்றுங்கள். வியர்வையில் நனைந்த துணிதான் பிறகு குளிரெடுக்கும். பகலில் ஓடியாடிய உடையோடு படுக்க விடாமல், காய்ந்த உடைக்கு மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு குளிரினாலும் டென்ட்டுக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ வேண்டாம். மலை ஊர்களில் அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்திகளைப் படித்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

போவதற்கு முன் ஒரு இரவு வீட்டில் ஏ.சி. அறையில் பிள்ளையைப் பையில் தூங்க வையுங்கள். இருட்டில் தானே ஜிப்பைத் திறந்து வெளியே வருகிறதா என்று பாருங்கள். வரத் தெரியவில்லை என்றால் அந்தப் பை வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் இஞ்ச் டேப்போடு இருப்பேன். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். உயரத்தை எழுதிக்கொண்டு, மூன்று சைஸாகப் பிரித்து ஆர்டர் போடலாம். மொத்த விலைக்கு அப்போதும் பேசிப் பார்க்கிறேன்.