துருப்பிடித்த பூட்டைத் திறப்பது எப்படி?



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. பம்புசெட் கொட்டகையில் தொங்குகிறதே பூட்டு, அதைப் பற்றித்தான் பேச்சு. இது ஒரு பெரிய விஷயமா என்று நினைக்கவேண்டாம். சம்பா அறுவடை முடிந்து மாசியில் பூட்டிய கதவைச் சிலர் வைகாசி கடைசியில்தான் திறக்கப் போகிறார்கள். நாற்றங்காலில் விதை விட்டாயிற்று, மும்முனை மின்சாரமும் வந்துவிட்டது, பூட்டு மட்டும் அசையமாட்டேன் என்கிறது. அப்போது என்ன செய்கிறோம்? ஆத்திரத்தில் கடப்பாரையை விட்டு நாதாங்கியைப் பெயர்த்துவிடுகிறோம். தண்ணீர் பாய்ந்துவிடும், சரிதான். ஆனால் அன்று ராத்திரி முதல் கதவுக்குக் காவல் கிடையாது. செம்புக்கம்பி என்ன விலை விற்கிறது என்பது நம்மைவிடத் திருடனுக்கு நன்றாகத் தெரியும்.

2024-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். வழக்கமாகத் திறக்கவேண்டிய ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை. ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான் பலர் அந்தக் குறுவையைச் செய்தார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் கொட்டகைக் கதவு திறக்காவிட்டால் நாற்று காய்ந்துபோகும்.

பூட்டு ஏன் இறுகிக்கொள்கிறது? நம் பக்கத்தில் பழைய பூட்டு என்றால் பெரும்பாலும் திண்டுக்கல் பூட்டுதான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. அதன் வயிற்றுக்குள் லீவர் என்று சொல்லும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சின்ன ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் பல் ஒவ்வொன்றையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். நூலளவு கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. ஆகவே பூட்டு முழுக்கத் துருப்பிடிக்கவேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு தகடு ஒட்டிக்கொண்டால் போதும்.

அந்த ஒட்டலுக்குப் பாதி காரணம் நாமேதான். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குப் பூட்டில் எண்ணெய் விடுகிறோமே, என்ன எண்ணெய்? அடுப்படியில் இருக்கிற எண்ணெய்! நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். விளக்கெண்ணெய் கெட்டியானது, களத்துத் தூசையும் நெல் சுணையையும் பசை மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துபோகும், எறும்பும் வரும். வேதாரண்யம் பக்கத்தில் உப்புக்காற்று வேறு. அங்கே பூட்டு சீக்கிரம் துருவேறும்.

திறக்கும் வழியைச் சொல்கிறேன். சாவியை நுழைப்பதற்கு முன் துவாரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்திருக்கும். இதைக் கவனிக்காமல் சாவியைக் குத்தி, மண்ணை உள்ளே தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். மெல்லிய கம்பியால் சுரண்டி, மண்ணை வெளியே எடுங்கள். பிறகு மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல், ஐந்தாறு சொட்டு போதும். ஊசி கழற்றிய சிரிஞ்சினால் சாவித் துவாரத்திலும், வளையம் உள்ளே போகிற இரண்டு ஓட்டைகளிலும் விடுங்கள். சிரிஞ்சு இல்லையா, கோழி இறகு இருக்கிறது. கடையில் விற்கும் துரு நீக்கும் ஸ்பிரேயும் நல்லதுதான். விட்ட பிறகு பூட்டின் பக்கவாட்டில் ஒரு வேப்பங்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவேண்டும். இந்த ஒரு ராத்திரிப் பொறுமைதான் யாருக்கும் வருவதில்லை.

மறுநாள் திறக்கும்போது ஒரு ஆளைக் கதவை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மரக்கதவு மழையில் ஊதி, நாதாங்கி பூட்டின் வளையத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பு இருக்கும்வரை, நல்ல பூட்டுக்கூடத் திறக்காது. கதவை உள்பக்கம் தள்ளினால் வளையம் தளரும். சாவியை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். குறட்டால் பிடித்துத் திருகினால் சாவி ஒடிந்து பாதி உள்ளே நிற்கும். அப்புறம் சாவி ரிப்பேர்காரரைத்தான் தேடவேண்டும். அசைய மறுத்தால் மறுபடி சொட்டு, மறுபடி ஒரு ராத்திரி.

சிலர் பூட்டுக்கு அடியில் வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். சூட்டில் ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்துவிடும், பூட்டு அத்தோடு சரி. மண்ணெண்ணெய் விட்ட இடத்தில், அதுவும் கீற்றுக் கொட்டகையில், நெருப்பு எதற்கு? இரண்டு மூன்று நாள் முயன்றும் திறக்காவிட்டால் ஆக்ஸா பிளேடால் வளையத்தை அறுத்துவிடுங்கள். பூட்டு போனால் புதிது வாங்கலாம். நாதாங்கியும் நிலையும் பிழைக்கும்.

திறந்தவுடனே இருட்டுக்குள் கையை நீட்டி ஸ்டார்ட்டரைத் தேடாதீர்கள். நான்கு மாதம் ஆள் நடமாட்டம் இல்லாத இடம். கட்டுவிரியனும் சுருட்டையும் உள்ளே இருக்கலாம். கதவை அகலத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பூட்டைக் கழற்றிக் கிண்ணத்து மண்ணெண்ணெயில் அலசுங்கள். கறுப்பாக அழுக்கு இறங்கும். வெயிலில் காயவைத்து, கிராஃபைட் பொடி கொஞ்சம் துவாரத்தில் ஊதுங்கள். பென்சில் முனையைச் சீவிய தூளானாலும் சரி. அது எண்ணெயைப் போலத் தூசைப் பிடிக்காது. அப்புறம் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே பத்துத் தடவை பூட்டித் திறந்து பார்த்த பிறகுதான் கதவில் மாட்டவேண்டும்.

பத்தாயத்துப் பூட்டுக்கு மட்டும் வேறு முறை. பலகையோடு பதித்த பூட்டு அது, கழற்ற முடியாது. உள்ளே விதைநெல் இருக்கும். மண்ணெண்ணெய் ஒழுகி விதையில் பட்டால் முளைப்பு கெடும். அங்கே சிரிஞ்சு வேண்டாம். முதலில் கிராஃபைட் பொடியைப் போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் இறகு நுனியில் ஒரு சொட்டு மட்டும், கீழே பழந்துணி பிடித்துக்கொண்டு.

இதையெல்லாம் தண்ணீர் வந்த பிறகு செய்ய நேரம் இருக்காது. மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடுகிறது. சித்திரையிலேயே ஒரு நாள் சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.