சின்னக் காரின் எஞ்சின்

மண் தடத்தில் ஓடும் 1/8 அளவு ரேடியோ பந்தயக் காருக்கு 3.5 சி.சி. எஞ்சின்தான் வழக்கம். கடையில் எது வேகமென்று கேட்காதீர்கள். குறைந்த வேகத்திலும் சீராக இழுப்பது எதுவென்று கேளுங்கள். தடத்தில் வளைவுகள்தானே அதிகம்!

எரிபொருளில் மெத்தனால், நைட்ரோமீத்தேனோடு எண்ணெயும் கலந்திருக்கும். எஞ்சினுக்கு வேறு எண்ணெய் கிடையாது. ஊசித்திருகை வலப்பக்கம் முறுக்கினால் எரிபொருள் குறைந்து கார் பறக்கும். எண்ணெயும் சேர்ந்தல்லவா குறைகிறது! அப்படி முறுக்கித்தான் புத்தம்புது எஞ்சினை ஒரே மாலையில் கெடுத்தேன். அப்பாவிடம் சொல்ல இரண்டு நாளாச்சு.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே திருகைத் தொடுங்கள். ஒரு தடவைக்கு, கடிகாரத்தின் பெரிய முள் ஐந்து நிமிடத்தில் நகருமளவு போதும். கார் வேகமெடுக்கையில் பின்னால் மெல்லிய புகை வரணும். புகை நின்றுபோனால் உடனே இடப்பக்கம் திருப்பிவிடுங்கள்.