தள்ளுறதை எண்ணுங்க, தோளைக் காப்பாத்துங்க

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக் குழுக்களின் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப சக்கர நாற்காலியைப் பத்திக் கொஞ்சம் பேசுவோம்.

மரத்துல இருந்து விழுந்தோ, வண்டி விபத்துலயோ முதுகுத்தண்டு அடிபட்டவங்க நம்ம ஊர்கள்ல இருக்காங்க. வீட்டுக்கு நாற்காலி வந்ததும் எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுடுறோம். ஆனா அவங்களுக்குக் கைதான் காலும். தோள்பட்டை கெட்டுப்போனா கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாறவும் ஆள் வேணும், கழிப்பறைக்கும் ஆள் வேணும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண். மில் வேலையோ காட்டு வேலையோ, விட்டுட்டு அவதான் வீட்டுல உட்காரணும்.

தோள் கெடாம இருக்க ஒரு வழி, எப்படித் தள்ளுறாங்கன்னு அளக்கிறது. இதுக்குக் கடிகாரம் மாதிரி மணிக்கட்டுல கட்டுற சென்சார் கருவி இருக்கு. கை எப்போ, எவ்வளவு வேகமா அசையுதுன்னு அது பதிவு செய்யும். சக்கரத்துலயும் ஒண்ணு மாட்டினா, ஒரு தள்ளுக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு தெரியும். 2016ல ஆப்பிள் கைக்கடிகாரத்துலயே இந்த எண்ணிக்கை வசதி வந்துடுச்சு. ஆனா எவ்வளவு பலம் கொடுத்துத் தள்ளுறாங்கன்னு மணிக்கட்டுக் கருவி நேரடியாச் சொல்லாது. துணி துவைக்கிறதைக்கூடத் தள்ளுறதா எண்ணிடலாம்.

2005ல அமெரிக்காவுல வெளிவந்த மருத்துவ வழிகாட்டி சொல்றது இதுதான்: தள்ளுற தடவையும் குறையணும், கொடுக்கிற பலமும் குறையணும். கிணத்துல தண்ணி இறைக்கிறப்ப வெடுக்குன்னு இழுத்தா தோள் வலிக்கும். நீளமா, நிதானமா இழுத்தா வலிக்காது. அதே மாதிரிதான் இதுவும். தள்ளி முடிச்சதும் கையை வளையத்துக்குக் கீழே தளர விட்டு, பிறகு பின்னால கொண்டு வரணும்.

கருவி இல்லைன்னா என்ன? நமக்கு எண்ணத் தெரியும். சமமான பாதையில 20 மீட்டர் அளந்துக்கங்க. எத்தனை தள்ளுல கடக்கிறாங்கன்னு நோட்டுல எழுதுங்க. டயர்ல காத்து அடிச்சு, சக்கரத்துல சுத்தியிருக்கிற நூல், முடியை எடுத்துட்டு மறுபடி எண்ணுங்க. எண்ணிக்கை குறைஞ்சா அவ்வளவும் தோளுக்கு மிச்சம். வாசல்ல சாய்தளம் கட்டினா 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேணும். சக்கரத்தை முன்னே பின்னே நகர்த்துறதை மட்டும் விவரம் தெரிஞ்சவங்களை வச்சுச் செய்யுங்க, நாற்காலி மல்லாந்துடும்.

நாற்காலியோட எடையும் முக்கியம். சென்னை ஐ.ஐ.டி. 2025ல 9 கிலோ எடையில 'ஒய்.டி. ஒன்' நாற்காலியை அறிமுகப்படுத்திச்சு.

தோள் வலின்னா தைலம் தேய்ச்சுட்டு விட்டுடாதீங்க. 2021ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருது. கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க. நாற்காலிக்கு விருதுநகர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு கொடுக்கலாம். தென்காசி பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981ல தொடங்கினது.

இந்த மாசக் கூட்டத்துல ஒவ்வொரு குழுவும் ஒரு தீர்மானம் எழுதுவோம்: நம்ம தெருவுல நாற்காலியில இருக்கிறவங்க யார், 20 மீட்டருக்கு எத்தனை தள்ளு, டயர் எப்படி இருக்கு. டியூப் மாத்தப் பணம் இல்லைன்னா குழு நிதியில இருந்து சின்னக் கடன் கொடுப்போம். அடுத்த மாசம் மறுபடி எண்ணிப் பார்ப்போம்.