பவுடர் தடவிய நோட்டும் கோட்டைக் கோப்பும்

பட்டா மாறுதலுக்குக் கை நீட்டிய கிராம நிர்வாக அலுவலர் கைது என்று அடிக்கடி பேப்பரில் படிக்கிறோம். புகார் கொடுத்தவரின் நோட்டுகளில் லஞ்ச ஒழிப்புத் துறையினர் பினாப்தலின் பவுடரைத் தடவி அவரிடமே கொடுத்து அனுப்புகிறார்கள். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகிறது. கை தட்டுகிறீர்கள், அந்தக் கைதட்டல் புகார் கொடுத்தவருக்குப் போகட்டும். நாளைக்கும் அதே ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

ஆனால், டெண்டர் விதியை ஒரு கம்பெனிக்கு ஏற்றபடி வளைத்து எழுதுகிற பேனாவில் பவுடர் தடவ முடியுமா? அங்கே கோப்பைத்தான் வாங்கிப் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் 17ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். கையும் களவுமாகப் பிடிக்க அனுமதி வேண்டாம். பதவியில் இருந்துகொண்டு எடுத்த முடிவை, செய்த சிபாரிசை விசாரிக்க மட்டும் முன்அனுமதி வேண்டும். ஐயாயிரம் வாங்கியவருக்கு அன்றைக்கே சிறை, ஐம்பது கோடிக்கு அனுமதிக் கடிதமா? சி.பி.ஐ.க்கு இப்படிப் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 1997-இல் தள்ளியது. அதையே சட்டமாக்கிக் கொண்டு வந்தார்கள்; 2014-இல் அதையும் ரத்து செய்தது. நான்கே வருடத்தில் மறுபடியும் வந்துவிட்டது!

நேர்மையான அதிகாரி பயந்துபோய்க் கையெழுத்தே போடமாட்டார் என்கிறார்கள். நியாயமான கவலைதான். பொய்ப் புகாரில் நொந்துபோகும் நல்லவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் அதே சட்டத்தில் 19-ஆம் பிரிவு முன்பே இருக்கிறது. பதவியில் இருப்பவர் மேல் அரசின் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கையே ஏற்க முடியாது. அதற்கு மேல் விசாரணைக்கும் ஒரு பூட்டு எதற்கு? பூட்டு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம், சாவி ஏன் அரசின் கையில்? மந்திரி சொல்லி அதிகாரி எழுதிய கோப்பை, அந்த மந்திரி இருக்கும் அரசிடமே கேட்டா தோண்டுவது? ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவிடம் கொடுங்கள் சாவியை. 17ஏ பிரிவின்படி அனுமதி பற்றி மூன்று மாதத்தில், மிஞ்சினால் நான்கில் முடிவு சொல்ல வேண்டுமாம். தவறினால் என்ன என்று அந்தப் பிரிவில் ஒரு வரி இல்லை. சாமானிய மனிதருக்கோ, அதே 2018 திருத்தம் ஏழே நாள் கெடு வைக்கிறது: மிரட்டலுக்குப் பயந்து லஞ்சம் கொடுத்தவர் அதற்குள் புகார் செய்யாவிட்டால் அவரும் குற்றவாளி!

ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி. வேட்பாளரிடம் கட்சி பார்க்காமல் கேளுங்கள்: 17ஏ பிரிவை மாற்ற நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பேசுவீர்களா?