மதகுக்கும் மாதச் செலவு உண்டு

 

வெள்ளத்தின் கொடுமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட், மூவார் என்று ஊர் ஊராகத் தண்ணீர். 2011-இல் மறுபடியும் வந்தது. 2023 மார்ச்சிலும் வந்தது. சுவரில் படிந்த சேற்றைத் தேய்த்துக் கழுவிய கைகள் இந்த அரங்கில் எத்தனையோ இருக்கின்றன. ஆகவே இன்று நான் பேச வந்திருப்பது பணத்தைப் பற்றி. வெள்ளத் தடுப்புக்குக் கொட்டும் பணம், அதன்பின் கொடுக்க மறக்கும் பணம், இந்த இரண்டையும் பற்றி.

அன்பர்களே, நம் மூவார் ஆற்றைப் பாருங்கள். நெகிரி செம்பிலானில் பிறந்து, பூலோ காசாப்பைத் தொட்டு, சிகாமட் ஆற்று நீரையும் வாங்கிக்கொண்டு, புக்கிட் கெப்போங், லெங்கா, பாஞ்சோர் வழியாக வந்து இந்த மூவார் பட்டணத்தில் கடலில் சேர்கிறது. மேலே மழை ஓய்ந்த பிறகும் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் கடலும் பெருக்கெடுத்தால் ஆற்று நீர் எங்கே போகும்? வயலுக்குள் வரும், வாசலுக்கு வரும், வீட்டுக்குள்ளும் வரும்.

அதைத் தடுக்கத்தான் பாரிட் என்னும் வடிகாலின் வாயில் மதகு வைத்திருக்கிறார்கள். கடல் ஏறும்போது அது மூட வேண்டும், உப்பு நீர் உள்ளே வரக்கூடாது. கடல் வற்றும்போது திறக்க வேண்டும், மழை நீர் வெளியே போக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். அத்தனை முறையும் மதகு தவறாமல் வேலை செய்ய வேண்டும். இதற்கு என்ன கேடு வரும் என்கிறீர்களா? ஒரு மரக்கட்டை அடியில் சிக்கினால் போதும், கதவு முழுதாக மூடாது. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். ரப்பர் விளிம்பு கிழியும். பல்சக்கரத்துக்கு கிரீஸ் போடாவிட்டால் இறுகிப்போகும். முன்னால் சேறு படிந்தால், கதவு திறந்தும் தண்ணீர் போகாது. கோடிக்கணக்கில் கட்டிய மதகு, சில ஆயிரம் வெள்ளிப் பராமரிப்பு இல்லாமல் வெறும் இரும்பாக நிற்கும்!

நிலமும் சும்மா இருப்பதில்லை. மேற்கு ஜொகூரில் கரிச்சதுப்பு நிலம் ஏராளம். தண்ணீரை வடித்தால் அந்த மண் சுருங்கும், காற்றுப்பட்டு மக்கும், ஆண்டுக்காண்டு தாழும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். 25 ஆண்டில் அரை மீட்டர்! நேற்றுவரை தானாக வடிந்த இடத்துக்கு நாளை பம்ப் வேண்டும். பம்புக்கு டீசல் வேண்டும், மின்சாரம் வேண்டும், நள்ளிரவில் இயக்க ஆள் வேண்டும். இந்தச் செலவைத் திறப்பு விழா அன்று யாராவது சொல்கிறார்களா?

தலைநகரிலும் இதே கதைதான். வெள்ள நீருக்கும் கார்களுக்கும் சேர்த்துக் கட்டிய கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம், சுமார் 190 கோடி வெள்ளி, 2007-இல் திறந்தார்கள். பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் அதன் சாலைப் பகுதிக்குள் வெள்ளத்தை விட நேர்ந்த ஒவ்வொரு முறையும் சேற்றைக் கழுவினால்தான் மறுபடி கார் ஓடும். ஒரு கார் வாங்கினால் சர்வீசுக்கும் சாலை வரிக்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்கிறோம். ஊரைக் காக்கும் மதகுக்கு எடுத்து வைக்கக் கூடாதா?

செலவு அதிகம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2021-ஆம் ஆண்டின் வெள்ள இழப்பு 610 கோடி வெள்ளி என்று நாட்டின் புள்ளிவிவரத் துறை அறிவித்தது. ஒரே ஆண்டு! பராமரிப்பில் மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது, வட்டியோடு திரும்பி வரும் கடனாகும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தையது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று தனி வாரியம். உறுப்பினரைக் குடவோலை முறையில் எடுத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மறுபடி இடமில்லை! ஏரி வெட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. அதைக் காக்க ஆளும் வைத்தார்கள், கணக்கும் கேட்டார்கள்.

அதே தமிழ்நாட்டில், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்டில் ஒரே இரவில் 9 மதகுகள் வெள்ளத்தோடு போயின. புதிய கதவணைக்கு 387 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டி வந்தது. கட்டியது எதுவானாலும் மூப்படையும். மூப்புக்கு முன்பே பணம் வைப்பதுதான் நிர்வாகம்.

ஆகவே நான் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, வெள்ளத் தடுப்புத் திட்டம் எதை அறிவித்தாலும், கட்டும் செலவோடு ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். இரண்டு, அந்தப் பணத்தை வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி தனியாக வைக்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு மதகிலும் ஒரு பலகை வேண்டும்: கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று.

நமக்கும் கடமை உண்டு. தோட்டத்தில் கான் வெட்டி, கான் தூர்வாரி இந்த மண்ணை வடித்தெடுத்தவர்களின் பிள்ளைகள் நாம். பழைய மெத்தையையும் செம்பனை மட்டையையும் பாரிட்டில் தள்ளலாமா? கரையோர ஒதுக்கு நிலத்தில் கொட்டகை போடலாமா? தூர்வாரும் இயந்திரம் வர வழியில்லாமல் செய்துவிட்டு ஜே.பி.எஸ். என்னும் வடிகால், நீர்ப்பாசனத் துறையைக் குறை சொல்வது நியாயமாகாது.

பெரியோர்களே! பருவமழைக்கு முன்பே உங்கள் பாரிட் வாயில் மதகைப் போய்ப் பாருங்கள். பழுது கண்டால் எழுத்தில் புகார் கொடுங்கள், அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் புதிதாக என்ன கட்டுவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், கட்டியதைக் காக்க எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.