வாடைக்கு எதிரே பதினெட்டுக் கல்



பத்தாம் ஆண்டு நிறைவில் கவிதை பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். எனக்குத் தெரிந்ததோ மிதிவண்டி. ஆகவே ஒரு பயணத்தைச் சொல்கிறேன். பொறுத்தருள்க.

வட்டம் தொடங்கிய ஆண்டின் ஐப்பசி மாதம். நம் முன்னோர் கூதிர் என வகுத்த பருவம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்த என் நண்பரும் நானும் பொன்னேரியிலிருந்து புறப்பட்டோம். அதற்கு முந்தைய ஆண்டு இருவரும் ஏலகிரி ஏறியிருந்தோம். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் சிலவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு புலவரிடமும் இறங்கி மூச்சு வாங்கினேன் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அந்த நினைவில், பழவேற்காட்டுச் சாலை எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. மேடு ஏது, பள்ளம் ஏது?

"எங்கள் மலை காற்றில் இருக்கிறது" என்றார் நண்பர்.

இரண்டு கல் தொலைவு கடக்குமுன் புரிந்தது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வடகிழக்கே இருக்கிறது. வாடையும் அங்கிருந்துதான் வருகிறது. மலையில் ஏற்றம் முடிந்தால் இறக்கம் உண்டு. காற்றுக்கு வளைவும் இல்லை, உச்சியும் இல்லை. வயல்களும் உப்பங்கழியும் அசையாமல் நிற்க, நாங்கள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தோம்.

ஊருக்குள் 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியாக் கோட்டையின் மிச்சமும், வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லறைத் தோட்டமும் உண்டு. கல்லறையைப் பாடிய கவிஞர் பலர். இத்துறையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டோரைப் பாடியவரை நான் கண்டதில்லை. நிற்க.

பாலத்தைக் கடந்து, கலங்கரை விளக்கக் குப்பத்துப் பக்கம் மணலில் அமர்ந்தோம். அப்போது பையிலிருந்து என் கவிதையை எடுத்து வாசித்தேன். நம் முதற்கூட்டத்தில் நீங்கள் கைதட்டி வரவேற்ற அதே 'ஏரி' கவிதை. பூநாரை, நிலவு, வலை வீசும் மீனவன் எல்லாம் அதில் உண்டு.

நண்பர் கேட்டார்: "எந்த வலை? எந்தப் பாட்டில்?"

நான் விழித்தேன். அவர் விளக்கினார். ஏரியில் மீன் மிகுந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் விசையாக ஓடும் இடங்களில், குறுக்கே கழி நட்டு வலை கட்டுவார்கள். யார் எந்தப் பாட்டில் இறங்குவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்மானிப்பார்கள். உரிமை உள்ளவருக்கே சீட்டு. முறை வராத நாளில் கரையில் இருக்க வேண்டும். நிலவு எப்படி இருந்தாலும்!

இன்னொன்றும் சொன்னார். ஆரணியாற்று வெள்ளம் ஏரிக்குள் வந்தால் முகத்துவாரம் அகலும். கோடையில் மணல் அடைக்கும். அடைத்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. அப்புறம் சீட்டு விழுந்தும் பயனில்லை. அவருடைய தந்தையார் பாட்டுக்காரர். தம்பியோ, முறை விழுந்த நாளிலும் ஊருக்குத் தெற்கே கப்பல் துறையில் கூலி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

"உன் கவிதையில் என் தம்பி எங்கே நிற்கிறான்?" என்றார். சினமின்றித்தான் கேட்டார்.

பாடு என்றால் இடம், உழைப்பு, துன்பம். பாடு என்றால் பாடுவாயாக என்றும் பொருள். தமிழாசிரியனான எனக்கு அவ்வளவும் தெரியும். ஒரு குப்பம் முழுவதும் அச்சொல்லைச் சீட்டாக மடித்துக் கையில் வைத்திருப்பது தெரியாது.

திரும்பும்போது வாடை முதுகில் தள்ளியது. மிதிக்காமலே வண்டி ஓடியது. இருவரும் பேசவில்லை.

இம்மலரில் அந்தக் கவிதையைச் சேர்க்க வேண்டாம் என்று தொகுப்பாளரைக் கேட்டுக்கொண்டேன். முதற்கூட்டத்தின் நினைவாயிற்றே என்கிறார் அவர். அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறதாம்.