கேட்பது பிள்ளை, வளர்ப்பது வீடு



முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு பல வீடுகளில் ஒரு வழக்கு விசாரணைக்கு வரும். "பரீட்சை முடிஞ்சா நாய்க்குட்டி வாங்கித் தர்றேன்னு சொன்னீங்கல்லப்பா?" என்று பிள்ளை கேட்கும். அப்பா மெதுவாக அம்மாவைப் பார்ப்பார். "வாங்கிட்டு வந்தா யாரு பாத்துக்கிறது?" என்பார் அம்மா. "நான்தான் பாத்துக்குவேன், சத்தியமா" என்று பிள்ளை தலையில் அடித்துச் சொல்லும்.

அந்தச் சத்தியம் பொய் இல்லை. சொல்லும் நேரத்தில் பிள்ளை அதை முழுமனதோடுதான் சொல்கிறது. ஆனால் ஒரு நாய் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். மூன்றாம் வகுப்பில் நாய் கேட்ட பிள்ளை பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதும்போது, நாய்க்கு முதுமை தொடங்கியிருக்கும். பிள்ளை வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டால், கிழட்டு நாய்க்கு மாத்திரை கொடுக்கப்போவது அம்மாவும் அப்பாவும்தான். எட்டு வயதில் செய்த சத்தியத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கணக்குப் போட வேண்டியது பெரியவர்கள்.

விலங்குக் காப்பகத்துக்கு நாய் கேட்டுப் போகிறவர்கள் முதலில் சந்திப்பது இந்தக் கணக்கைத்தான். நம் சென்னையில் காப்பகம் என்றதும் பலருக்கும் நினைவு வருவது புளூ கிராஸ். 1959இல் கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி தொடங்கிய அமைப்பு அது. மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்து வீட்டில் வைத்துக் காப்பாற்றியதில் அந்தப் பணி ஆரம்பித்தது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் சிறிதும் பெரிதுமாகக் காப்பகங்கள் இருக்கின்றன. அடிபட்டவை, நோயுற்றவை, தாயை இழந்த குட்டிகள், வளர்த்தவர்களே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவை என்று எல்லா வகை நாய்களும் அங்கே உண்டு.

காப்பகத்தில் நாய் கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். சொந்த வீடா, வாடகை வீடா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கு இஷ்டமா? தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள்? சில இடங்களில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். "ஒரு தெருநாயைக் கொடுக்க இவ்வளவு கேள்வியா?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒருமுறை கைவிடப்பட்ட நாய் இரண்டாம் முறையும் கைவிடப்படக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை கேள்வியும்.

சரி, பிள்ளையோடு உள்ளே போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கூண்டுகளின் வரிசையைக் கண்டதும் பிள்ளை ஓடும். எல்லா நாயும் ஒரே நேரத்தில் குரைக்கும். முன்னால் வந்து கம்பியில் காலைப் போட்டு வாலாட்டும் குட்டிமேல்தான் எல்லோர் கண்ணும் விழும். பின்மூலையில் ஒரு நாய் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. பழகிய ஊழியர் பிள்ளையை நிறுத்தி, "ஓடாத பாப்பா, உக்காரு" என்பார். நாய்க்கு நேரே முகத்தைக் காட்டாமல், கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காரச் சொல்வார். "கைய அது தலைமேல கொண்டு போகாத. கீழேயே வச்சுக்க. அதுவா வந்து மோந்து பாக்கட்டும்."

பிள்ளைக்கு இது பெரிய பாடம். தலைக்கு மேலிருந்து வரும் கையை நாய் அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்ளும். வாலாட்டும் நாயெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. வாலை விறைப்பாக உயர்த்தி வெடுக்கென்று ஆட்டினால் அது பதற்றம். காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இவையெல்லாம் "கிட்டே வராதே" என்று நாய் சொல்லும் வழிகள். இதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை தெருவிலும் பத்திரமாக இருக்கும்.

"இதுக்கு ஏன் காதுல வெட்டு இருக்கு அக்கா?" என்று பிள்ளை கேட்கும். கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட நாய் என்பதற்கான அடையாளம் அது. மயக்கத்தில் இருக்கும்போதே காதின் நுனியில் சிறிதாகக் கத்தரித்துவிடுவார்கள். சென்னை மாநகராட்சி இந்தக் கருத்தடைத் திட்டத்தை 1996இல் கையிலெடுத்தது. பின்னர் 2001இல் நாடு முழுவதற்கும் விதிகள் வந்தன.

கருத்தடையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தத்தெடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது கடுவன் குட்டி. பெட்டைக் குட்டி என்றால் முகம் சுருங்கும். வருடத்துக்கு இருமுறை பருவத்துக்கு வரும், தெருநாயெல்லாம் வாசலில் வந்து நிற்கும், குட்டி போட்டால் என்ன செய்வது என்று பயம். கருத்தடை செய்துவிட்டால் இந்தப் பயத்துக்கே இடமில்லை. ஆனாலும் பெட்டைக் குட்டிகள் கூண்டிலேயே வளர்ந்து பெரிதாகின்றன. பெரிதான பிறகு, "வளந்த நாயா? வேண்டாங்க" என்று அடுத்த தடை. உண்மையில் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வளர்ந்த நாய் பல வகையில் தோது. அது எவ்வளவு உயரம் வளரும், சத்தத்துக்கு மிரளுமா, பிள்ளைகளோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் ஊழியர்களுக்கு ஏற்கெனவே தெரியும். குட்டியிடம் இதையெல்லாம் ஊகிக்கத்தான் முடியும். பல் முளைக்கும் பருவத்தில் அது செருப்பையும் கடிக்கும், பிள்ளையின் விரலையும் கடிக்கும்.

நாய் வீட்டுக்கு வந்துவிட்டது. இனி என்ன? காப்பகக்காரர்கள் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: 3 நாள், 3 வாரம், 3 மாதம். முதல் 3 நாள் அது மிரண்டு கிடக்கும். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு சாப்பிடாமலும் இருக்கலாம். 3 வாரத்தில் வீட்டின் நேரங்கள் அதற்குப் பிடிபடும். 3 மாதத்தில்தான் இது நம் வீடு என்ற தைரியம் வரும். புதுப்பள்ளியில் சேர்த்த பிள்ளைக்குக் கொடுக்கும் அவகாசத்தை அதற்கும் கொடுங்கள். வந்த அன்றே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டாதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், சின்னக் குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

வேலையை வயதுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கலாம். ஆறு வயதுப் பிள்ளை தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை முடியைச் சீவிவிடட்டும், தடுப்பூசித் தேதியை நாள்காட்டியில் குறித்துவைக்கட்டும். பன்னிரண்டு வயதில் பெரியவர் கூட வர, வாரைப் பிடித்து நடக்கட்டும். பிள்ளை ஒருநாள் மறந்துவிட்டால் நாயைப் பட்டினி போட்டுப் பாடம் கற்பிக்க நினைக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் வையுங்கள். பொறுப்பு என்றால் என்ன என்பதைப் பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் கற்கும்.

சாப்பாட்டுக்கு விலை உயர்ந்த பாக்கெட் தீனிதான் வேண்டும் என்பதில்லை. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் கொடுக்கலாம். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல நாய்களுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வரும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. வீட்டுப் பிள்ளை ஆசையாகத் தன் பிறந்தநாள் சாக்லேட்டில் பாதியை நீட்டும் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இப்போது, பலரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன்: வெறிநோய். மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாயால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தடுக்க வழியும் இருக்கிறது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் அடுத்த ஊசி. வீட்டு நாயானாலும் தெருநாயானாலும் கடித்தாலோ கீறினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். நாய் கடித்ததைச் சொன்னால் அடி விழும், அல்லது நாயைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "எது நடந்தாலும் உடனே சொல்லு, திட்ட மாட்டோம்" என்று முன்பே சொல்லிவைத்திருந்தால் அது உயிரைக் காக்கும்.

தீபாவளியையும் மறக்க வேண்டாம். நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான காது நாய்க்கு. அணுகுண்டு வெடித்ததும் மிரண்டு ஓடி, வீடு தெரியாமல் தொலைந்துபோகும் நாய்கள் பல. அந்த இரண்டு நாளும் சன்னலைச் சாத்தி உள்ளறையில் வையுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும்.

கடைசியாகச் சட்டம். வளர்த்த விலங்கைக் கைவிடுவது நம் நாட்டில் குற்றம். அதைச் சொல்வது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டம் வரக் காரணமானவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அதற்கான மசோதாவை முதலில் கொண்டுவந்தவர் அவர். 2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும் இதையேதான் சொல்கிறது: தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம்; தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.

ஆகவே பெற்றோர்களே, நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசாகச் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். நாயைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். காப்பகத்துக்குக் கிளம்பும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நான்கு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். தினமும் யார் நடத்திக் கூட்டிப்போவது? மருத்துவச் செலவுக்குப் பணம் எங்கிருந்து? ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டால் யார் தொடர்வது? ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் இப்போதைக்கு வேண்டாம். அதுவரை விடுமுறை நாட்களில், பெரியவர் துணையோடு பிள்ளையைக் காப்பகத்துக்கு அழைத்துப் போய்ச் சிறு சிறு உதவிகள் செய்யச் சொல்லுங்கள். நான்குக்கும் பதில் இருந்தால் தாராளமாகப் போங்கள். போனதும், "ரொம்ப நாளா யாரும் கேக்காத நாய் எது?" என்று கேட்டுப் பாருங்கள். அதைப் பிள்ளைக்கு முதலில் காட்டுங்கள்.